ராஜாமணி டீச்சரின் நன்றியுரையில் மைக் ஊளையிட்டது ஏன்?

மைக்செட் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு,

சங்கக் கூட்டத்தில் என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். எழுந்தேன், தண்ணீர் குடித்தேன், உட்கார்ந்துகொண்டேன். காலமெல்லாம் மற்றவர்கள் பேச மைக் வைத்தவன் தன் முறை வந்ததும் இப்படி நின்றதைப் பார்த்து நீங்கள் சிரித்தீர்கள். தப்பில்லை, எனக்கே சிரிப்புத்தான் வந்தது. அன்று சொல்ல நினைத்ததை இப்போது எழுதித் தருகிறேன். படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

கூம்பு ஸ்பீக்கரை எந்தப் பக்கம் பார்த்துக் கட்டுவது, தறி ஓடுகிற ஊரில் சத்தத்தை எவ்வளவு ஏற்றுவது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இப்போது வருகிற பெட்டிகளின் பெயர்கூட எனக்கு வாயில் நுழைவதில்லை. காதில் இரைச்சல் வந்து ஐம்பது வயதிலேயே கடையை மூடியவன் நான். அதனால் தொழில்நுட்பத்தை விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு சாயங்காலத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் என் முதலாளியைப் பற்றி இரண்டு வரி. எனக்குத் தொழில் பழக்கியவர். கட்சிக் கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றால் யாராவது வந்து, "மேடையில ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசிக்கிட்டாங்களே, என்னங்க?" என்று கேட்பார்கள். "எனக்குக் காது கேக்காதுங்க" என்பார் அவர். மைக்செட்காரருக்குக் காது கேட்காதாம். கேட்டவர்களும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். என்னிடம் மட்டும் ஒரு நாள் சொன்னார்: "இன்னைக்கு இவங்க மேடை, நாளைக்கு அவங்க மேடை. ரெண்டுலயும் மைக்கு நம்மளது. இங்க கேட்டத அங்க கொண்டுபோனீன்னா மூணாவது மேடை உனக்குக் கிடையாது."

அதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அது கஷ்டமாகவும் இல்லை. கேட்டால்கூடப் பேசாதவன் நான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம். சோமனூரில் எனக்குக் கடை. பக்கத்துக் கிராமத்து ஒன்றியப் பள்ளிக்கூடத்தில் புது வகுப்பறை கட்டி முடித்து, எம்.எல்.ஏ.வைக் கூப்பிட்டுத் திறப்பு விழா வைத்திருந்தார்கள். அந்தப் பள்ளிக்கு எந்த விழா என்றாலும் என் செட்தான். ஏற்பாடெல்லாம் ராஜாமணி டீச்சர். ஒன்றாம் வகுப்பு டீச்சர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒன்றாம் வகுப்பை விட்டு அவர் நகர்ந்ததே இல்லை. அவர் குரலுக்கு மைக் தேவையே கிடையாது. "எனக்கெதுக்குங்க மைக்கு, கரண்டு செலவு" என்பார். பத்துத் தறி ஓடுகிற குடோனைத் தாண்டி அவர் கூப்பிட்டால் அந்தப் பக்கம் இருக்கிற பிள்ளை திரும்பிப் பார்க்கும்.

அன்றைக்கு மத்தியானம் நான் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தபோது டீச்சர் வந்தார்.

"ஏனுங்க, இன்னைக்கு நன்றியுரை நான்தானுங்க. மைக்கு நல்லா வையுங்க. கருமத்தம்பட்டி வரைக்கும் கேக்கோணும்."

"உங்களுக்கு எதுக்குங்க டீச்சர் மைக்கு?"

"இன்னைக்கு வேணுமுங்க" என்று கையிலிருந்த பையைத் தட்டிக் காட்டினார். "நன்றி சொல்றாப்புல சொல்லி, என்ற விருப்ப ஓய்வுக் கடுதாசிய மேடையிலயே அதிகாரி கையில குடுத்துரப் போறேன். எனக்குப் பொறகால நாலு பேரு குடுக்கறாங்க. எம்.எல்.ஏ. பாக்கட்டும்."

நான் ஒயரை விட்டுவிட்டேன்.

விஷயம் இதுதான். ஆசிரியர்களின் ஓய்வூதியத்தை மாற்ற அரசு ஒரு மசோதா கொண்டுவரப் போகிறது என்று அந்த மாதம் முழுக்கப் பேச்சு. இனிமேல் ஓய்வு பெறுகிறவர்களுக்கு மாதாமாதம் ஓய்வூதியம் வராது, மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துக் கையைக் கழுவிவிடுவார்கள் என்றார்கள். சட்டம் வருவதற்கு முன்னால் வேலையை விட்டவர்களுக்கு மட்டும் பழைய முறை. அதனால் ஊர் ஊராக ஆசிரியர்கள் விருப்ப ஓய்வுக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுதிக் கொடுத்து அதிகாரி வாங்கிக்கொண்டால் திரும்ப வேலை கிடையாது.

டீச்சருக்கு இன்னும் பல வருடம் சர்வீஸ் இருந்தது. வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் தறி நிற்கிற காலம் அது. மகன் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தான். வீடு நடந்தது டீச்சர் சம்பளத்தில்.

"சம்பளம் போயிருமேங்க?" என்றேன். அதுவே எனக்குப் பெரிய பேச்சு.

"சம்பளம் இன்னும் கொஞ்ச வருசம். பென்ஷன் சாகற வரைக்கும். நீங்களே ரோசனை பண்ணிப் பாருங்க." அவர் குரல் முதல் முறையாகத் தணிந்தது. "புள்ளைங்கள விட்டுட்டுப் போறதுதான் ஒரு மாதிரியா இருக்குது. அதப் பேசினா அழுதுபோடுவேன். நீங்க உங்க வேலையப் பாருங்க."

பார்த்தேன்.

எம்.எல்.ஏ. வழக்கம்போலத் தாமதமாக வந்தார். ரிப்பன் வெட்டினார், மாலை போட்டார்கள், அவர் பேசினார். பிறகு பிள்ளைகளின் நடனம். கேசட் பாட்டைக் கூம்புகளுக்கு விட்டுவிட்டு, மேடையில் அவர் முன்னால் இருந்த மேஜை மைக்கை என் ஹெட்போனுக்கு மட்டும் வரும்படி வைத்துக்கொண்டேன். மைக் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அது என் வழக்கம். வெளியே யாருக்கும் கேட்காது.

எம்.எல்.ஏ. பக்கத்தில் கல்வி அதிகாரி உட்கார்ந்திருந்தார். அவர் குனிந்து கேட்டது என் காதில் விழுந்தது.

"வாத்தியாருங்க இன்னைக்கு ஏதோ பண்ணப் போறாங்கன்னு சொல்றாங்கய்யா. அந்த மசோதா..."

"அது வராதுங்க" என்றார் எம்.எல்.ஏ. "நேத்தே முடிவாயிருச்சு. அறிவிப்பு வர்ற வரைக்கும் நீங்க வாயத் தொறக்காதீங்க."

"அதுக்குள்ள யாராச்சும் கடுதாசி குடுத்துட்டா?"

"குடுத்தா வாங்கி வெச்சுக்குங்க. போறவங்க போகட்டும். நம்மளா போகச் சொன்னோம்?"

இரண்டு பேரும் பிள்ளைகளைப் பார்த்துக் கை தட்டினார்கள்.

தம்பிகளே, அவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க என் கை ஆம்ப்ளிஃபயர் குமிழின் மேல் இருந்தது. கேசட்டை நிறுத்திவிட்டு அந்த மைக்கை வெளியே விட்டிருந்தால் அடுத்த வார்த்தை மைதானம் முழுக்கக் கேட்டிருக்கும். ஆசிரியர்கள் என்னைத் தோளில் தூக்கி வைத்திருப்பார்கள். அதற்கப்புறம் கோயம்புத்தூர் ஜில்லாவில் எந்த மேடையிலும் எந்த மைக்செட்காரனையும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். நான் ஒருவன் கெட்டால் பரவாயில்லை. உங்கள் மேடைக்கும் சேர்த்துத்தான் நான் கெடுத்திருப்பேன். கையை எடுத்துவிட்டேன்.

ஆனால் எடுத்த கையை எங்கே வைப்பது? நடனம் முடியப் போகிறது. அடுத்தது நன்றியுரை. டீச்சர் மேடைப் படிக்குப் பக்கத்தில் பையோடு நின்றுகொண்டிருந்தார். கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் வேலுச்சாமி வாத்தியார், டீச்சருக்குப் பின்னால் கடுதாசி கொடுக்கப்போகிற நாலு பேரில் முதல் ஆள், சட்டைப் பையை நொடிக்கு ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்துக்குள் புகுந்து போய்ச் சொல்லவும் வழியில்லை. போனாலும் என்ன சொல்வது?

மைக்கை அடைத்துவிடலாமா என்று நினைத்தேன். அடைத்தால் டீச்சர் மைக் இல்லாமலே பேசுவார். அதுவும் கருமத்தம்பட்டிக்குக் கேட்கும்.

டீச்சர் ஏறி மைக் முன்னால் நின்றார். "அனைவருக்கும் வணக்கம்" என்றார். கை பைக்குள் போனது.

நான் குமிழை எவ்வளவு மேலே போகுமோ அவ்வளவு திருப்பினேன்.

மைக் ஊளையிட்டது. சாதாரண ஊளை இல்லை. கூம்பு நான்கும் சேர்ந்து கத்தியதில் முன் வரிசைப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு குனிந்தார்கள், கைக்குழந்தைகள் அழுதன, தூங்கிக்கொண்டிருந்த நாய் ஒன்று புது வகுப்பறைக்குள் ஓடி அதன் திறப்பு விழாவை இரண்டாம் முறை நடத்தியது. எம்.எல்.ஏ. பின்னால் சாய்ந்ததில் நாற்காலி ஆடியது. "யாருய்யா மைக்கு?" என்று யாரோ கத்தினார்கள்.

நம் தொழிலில் இதைவிட அசிங்கம் கிடையாது. உங்களுக்கே தெரியும். அத்தனை வருடத்தில் என் செட் ஊளையிட்டதில்லை என்பதுதான் எனக்கு இருந்த ஒரே பெருமை.

மைக்கை முழுக்க அடைத்தேன். அடைத்ததை இரண்டாம் முறையும் பார்த்துக்கொண்டேன், ஏனென்றால் அடுத்துப் பேசப்போவது வெளியே போகக் கூடாது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மேடை ஏறினேன். நிகழ்ச்சி நடக்கும்போது நான் மேடை ஏறியது அதுதான் முதல் தடவை. மைக்கின் கழுத்தைத் திருகுவது மாதிரி குனிந்துகொண்டேன்.

"டீச்சருங்க, அத இன்னைக்குக் குடுக்காதீங்க."

"மொதல்ல மைக்கப் பாருங்க."

"மைக்கு நல்லாத்தான் இருக்குதுங்க."

"நல்லாருக்கற மைக்கு எதுக்கு ஊளையிட்டுச்சு?"

"நான்தான் ஊளையிட வெச்சனுங்க."

அவர் என்னைப் பார்த்தார். "ஏனுங்க, கிறுக்குப் புடிச்சுப் போச்சா?"

"ஒரு நாலு நாளு பொறுங்க டீச்சர். அப்புறமேட்டு உங்க இஷ்டம்."

"காரணம்?"

"அதச் சொல்லக் கூடாதுங்க."

அவர் பார்வை என் கழுத்தில் தொங்கிய ஹெட்போனுக்குப் போனது. அங்கிருந்து எம்.எல்.ஏ. முன்னால் இருந்த மேஜை மைக்குக்குப் போனது. திரும்ப என் முகத்துக்கு வந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எதையாவது மறைத்தால் கண்டுபிடித்துப் பழகிய கண் அது.

"சரி, எறங்குங்க" என்றார்.

இறங்கினேன். மைக்கைத் திறந்தேன். டீச்சர் எம்.எல்.ஏ.வுக்கு நன்றி சொன்னார், அதிகாரிக்கு நன்றி சொன்னார், கட்டடம் கட்டியவருக்கு, இடம் கொடுத்தவருக்கு, சாமியானாவுக்கு எல்லாம் சொன்னார். கடைசியாக, "நேரம் பாத்து ஊளையிட்ட மைக்செட்காரருக்கும் நன்றிங்க" என்றார். கூட்டம் முழுக்கச் சிரித்தது. நான் மேஜைக்குக் கீழே இல்லாத ஒயரைத் தேடினேன்.

விஷயம் அதோடு முடியவில்லை. வேலுச்சாமி வாத்தியாருக்கு இந்த மாற்றம் தெரியாதல்லவா? டீச்சர் தைரியம் விட்டுவிட்டார் என்று நினைத்து, தானே தொடங்கிவிடலாம் என்று காகிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். மேடையைப் பார்த்து நடந்தார். அதிகாரி கையை நீட்டத் தயாராக இருந்தார்.

டீச்சர் பார்த்துவிட்டார். ஒரு வார்த்தை விளக்கவில்லை. "எல்லாரும் நாட்டுப்பண்ணுக்கு நின்ன எடத்துலயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டுத் தானே பாடத் தொடங்கிவிட்டார்.

கூட்டம் எழுந்து விறைத்தது. எம்.எல்.ஏ. விறைத்தார். நீட்டிய கையை மடக்கி அதிகாரியும் விறைத்தார். வேலுச்சாமி வாத்தியார் மூன்றாவது வரிசைக்கும் மேடைக்கும் நடுவில், கையில் காகிதத்தோடு, நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றார். பாட்டு முடிந்ததும் பிள்ளைகள் மிட்டாய்க்காக ஓடிய ஓட்டத்தில் அவரால் மேடைப் பக்கமே போக முடியவில்லை. எம்.எல்.ஏ.வும் அதிகாரியும் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். கஷ்டம் அதற்குப் பிறகுதான்.

அடுத்த நாள் பேப்பரில் ஒன்றும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மசோதா அடுத்த வாரமே வந்துவிடும் என்று புதிதாக ஒரு பேச்சு கிளம்பியது. காரணம் சொல்லாமல் டீச்சர் மற்ற நாலு பேரையும் பொறுக்கச் சொல்லியிருந்தார், எல்லாம் அந்த ஊளைக்குப் பிறகுதான் என்று வேலுச்சாமி வாத்தியார் கணக்குப் போட்டிருந்தார். கடைக்கு வந்து, நடு ரோட்டில் சைக்கிளை நிறுத்தியபடியே கேட்டார். "நாளைக்கே சட்டம் வந்துபோச்சுன்னா எங்களுக்கு யாருங்க பதில் சொல்றது? உங்க ஆம்ப்ளிஃபயரா?" சொல்ல இருந்தது ஒன்றுதான், அதைச் சொல்லக் கூடாது.

ராத்திரியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. காதில் விழுந்தது நிஜம். ஆனால் எம்.எல்.ஏ. அதிகாரியிடம் சும்மா பெருமைக்குச் சொல்லியிருந்தால்? நேற்று முடிவானது இன்று மாறியிருந்தால்? ஒரு குடும்பத்தின் மிச்ச வாழ்க்கையை ஹெட்போனில் கேட்ட நாலு வரியை நம்பி நிறுத்தி வைத்திருக்கிறேன்.

நாலாம் நாள் டீச்சரே வந்தார். பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்திருந்தார். விரலில் சாக்பீஸ் தூள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து காகிதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நாலு நாளு ஆச்சுங்க."

"ஆமாங்க டீச்சர்."

"ஆபீஸ் மூட இன்னும் நேரமிருக்குது. பஸ் வருது. போகட்டுங்களா, வேண்டாங்களா?"

போகாதீர்கள் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அப்படிச் சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார். ஆனால் அது என் முடிவாகப் போய்விடும். அந்த முடிவைத் தூக்க எனக்கு என்ன தகுதி?

"டீச்சருங்க, நான் ஒண்ணு கேட்டது நெசம். அது நடக்குமான்னு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதானுங்க."

"யாரு சொன்னதுன்னு..."

"கேக்காதீங்க."

"நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"நான் பயந்தவனுங்க. என்னைக் கேக்கறீங்களே."

டீச்சர் சிரித்துவிட்டார். "பயந்தவரு மேடை ஏறி வந்தீங்களாக்கும்." பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இவரைத் தெரிந்தவர், "வாரீங்களா டீச்சர்?" என்று கேட்டார். டீச்சர் காகிதத்தைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார். "நீ போ சாமி" என்றார்.

பழுதுக்கு வந்த ரேடியோ ஒன்றைச் சரிபார்க்கிற சாக்கில் நான் செய்தியை வைத்தேன். அன்றைக்கும் ஒன்றும் வரவில்லை. டீச்சர் எழுந்து வீட்டுக்குப் போனார்.

மறுநாள் சாயங்காலச் செய்தியில்தான் வந்தது. மசோதா கொண்டுவரப்படாது, ஒரு குழு போட்டு ஆராய்வார்கள் என்று. எங்கேயோ பட்டாசு வெடித்தது. நான் கடையை அரை ஷட்டர் இறக்கிவிட்டு உள்ளே போய்ச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். வேலுச்சாமி வாத்தியார் வந்து ஷட்டரைத் தட்டி, "உங்க ஆம்ப்ளிஃபயர்கிட்டச் சொல்லிருங்க, கோவிச்சுக்க வேண்டாம்னு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊளைக்கு விலை இருந்தது. எம்.எல்.ஏ.வின் ஆட்கள் அந்தச் சீசன் முழுக்க என்னைக் கூப்பிடவில்லை. பல்லடம் பக்கம் இரண்டு கோயில் நோன்பித் திருவிழா வேலை கைவிட்டுப் போனது. அடுத்த ஆண்டு விழாவுக்கு முன்னால் டீச்சர் வந்து தயங்கித் தயங்கி நின்றார். "கமிட்டிக்காரங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க. ஊளையிடற செட்டுன்னு சொல்றாங்க. நெசத்தச் சொல்லிரட்டுங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவரும் சொல்லவில்லை. உலகத்துக்கே கேட்கிற குரலை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் இதை மட்டும் அவர் வெளியே விடவில்லை. இப்போது அவர் முழு ஓய்வூதியத்தோடு வீட்டில் இருக்கிறார். அந்த எம்.எல்.ஏ. அரசியலை விட்டுத் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். டீச்சரைக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நீங்களும் ஒரு நாள் கேட்கக் கூடாததைக் கேட்பீர்கள். நம் தொழிலில் அது தப்பாது. அதை யாருக்கும் கொண்டுபோகாதீர்கள். ஆனால் அதனால் ஒருவர் கெடப்போகிறார் என்றால் கையைக் கட்டிக்கொண்டும் இருக்காதீர்கள். உங்கள் பெயர் மட்டும் கெடுகிற மாதிரி ஒரு வழி எப்போதும் இருக்கும், அதைத் தேடிப் பாருங்கள். தெரிந்ததை மட்டும் தெரியும் என்று சொல்லுங்கள். மிச்சத்தை அவர்கள் முடிவு செய்யட்டும்.

கமிட்டிக்காரர்கள் என் செட்டை வேண்டாம் என்ற அந்த ஆண்டு விழாவுக்கு நான் போனேன். செட் வேறு ஒருவருடையது. எனக்கு வேலை இல்லாததால் பெற்றோர்களோடு மண்ணில் உட்கார்ந்தேன். விழாவை முன்னால் இருந்து பார்த்தால் இப்படி இருக்குமா என்று ஆச்சரியமாக இருந்தது. முடிந்ததும் டீச்சர் கூட்டத்தில் என்னைப் பார்த்துவிட்டு வந்தார்.

"என்னங்க, வேலையில்லாம உக்காந்திருக்கீங்க?"

"சும்மா பாக்கலாம்னுங்க. இன்னும் ஒண்ணாப்புத்தானுங்களா டீச்சர்?"

"ஒண்ணாப்பேதானுங்க. இந்த வருசம் ஒருத்தி வந்திருக்கறா, பலப்பத்த எழுதறதுக்கு முன்னால தின்னுபோடறா. இப்பக்கூட எங்கயோ உக்காந்து மென்னுக்கிட்டுத்தான் இருப்பா."

சொல்லிக்கொண்டே அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி கூட்டத்துக்குள் போய்விட்டார்.